தோட்டத்தில் பன்னிரண்டடி டிஷ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெரிய டிஷ் பற்றி மட்டும் இத்தனை கேள்விகள் சேரும் என்று நினைக்கவில்லை. மொபைல், லேப்டாப் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை டிஷ் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், என் மச்சினன் ஊரில் பல வருஷமாகக் கேபிள் நடத்தியவர். இப்போது சிக்னலை ஃபைபரில் வெளியே வாங்கிக் கொடுப்பதால் கன்ட்ரோல் ரூமை மூடிவிட்டார். அங்கே இருந்த 12 அடி மெஷ் டிஷ்ஷை, "எடைக்குப் போடுறதுக்கு நீங்களே எடுத்துக்கோங்க மாமா" என்கிறார். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது, கரிசல் மண். நிரந்தரமாக ஊன்றிவிடலாம் என்று இருக்கிறேன். குழி, பைப் அளவெல்லாம் சொல்லுங்கள். ஒருதடவை வைத்தால் அப்புறம் கைவைக்கவே தேவையில்லாதபடி இருக்க வேண்டும்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

பதில்: கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன் சார். கைவைக்கவே தேவையில்லாத டிஷ் கிடையாது. அப்படி ஆசைப்பட்டுப் பைப்பைக் கான்கிரீட்டில் புதைத்தவர்கள்தான் கொஞ்ச வருஷத்தில் கடப்பாரையோடு நிற்கிறார்கள். நிரந்தரமாக இருக்க வேண்டியது மண்ணுக்குள் போகும் கான்கிரீட் மட்டும். அதற்கு மேலே உள்ள பைப், மவுண்ட் (டிஷ்ஷைப் பைப்போடு பிணைக்கும் தாங்கி), டிஷ், எல்என்பி (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிப் பெருக்கிக் கேபிளில் அனுப்பும் சின்னக் கருவி) எல்லாம் ஸ்பானர் போட்டால் கழலவும் திரும்பவும் வேண்டும். இதற்கு இரண்டு காரணம்: ஒன்று மேலே இருக்கிறது, ஒன்று கீழே இருக்கிறது.

மேலே இருப்பது செயற்கைக்கோள். அதன் ஆயுள் ஏறக்குறைய பதினைந்து வருஷம், எரிபொருள் தீர்ந்தால் வேறொன்று வர வேண்டும். சில சமயம் புதியது அதே இடத்துக்கு வந்துவிடும். 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருந்த இன்சாட்-4ஏ-வுக்குப் பதிலாக 2020 ஜனவரியில் ஏவிய ஜிசாட்-30 போனபோது யாரும் டிஷ்ஷைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஆனால் சேனல்காரர்களே வேறு செயற்கைக்கோளுக்குக் குடிபோனால் நாமும் பின்னால் போக வேண்டியதுதான். 1991-ல் ஸ்டார் டிவி வந்ததும், 1992 அக்டோபரில் ஜீ டிவி ஆரம்பித்ததும் 105.5 டிகிரி கிழக்கில் இருந்த ஏசியாசாட்-1 வழியாகத்தான், அப்போது நம் ஊர் டிஷ்கள் கிழக்கே பார்த்து நின்றன. பிறகு தமிழ்ச் சேனல்கள் பல 66 டிகிரி கிழக்கில் உள்ள இன்டெல்சாட்-17-க்கு வந்தபோது அதே டிஷ்கள் தென்மேற்கே திரும்பின. (ஏசியாசாட்-1 கதை தனி. 1984-ல் வெஸ்டார்-6 என்ற பெயரில் ஏவி, போக வேண்டிய பாதைக்குப் போகாமல் சிக்கி, அதே வருஷம் நவம்பரில் விண்வெளி ஓடத்தில் போனவர்கள் அதைப் பிடித்துப் பூமிக்கு இறக்கி, செப்பனிட்டு விற்று, 1990-ல் சீன ராக்கெட்டில் மறுபடியும் ஏற்றினார்கள். அதுவே செகண்ட் ஹேண்ட் சாமான்தான், உங்கள் டிஷ் செகண்ட் ஹேண்ட் என்று குறைச்சலாக நினைக்க வேண்டாம்.)

கீழே இருப்பது உங்கள் கரிசல். மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், அதற்குள் நிற்கும் எதையும் மெதுவாகச் சாய்க்கும். 12 அடி டிஷ்ஷின் பார்வை சி-பேண்டில் (இந்தப் பெரிய டிஷ்கள் வாங்கும் அலைவரிசை) ஒன்றரை டிகிரி அகலம்தான். நடுவிலிருந்து முக்கால் டிகிரி விலகினால் சிக்னல் பாதியாகிவிடும். டிஷ்ஷின் விளிம்பில் வைத்து அளந்தால் அது இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு நல்ல ஐப்பசி மழைக்கு அந்த அளவு சாய்வது கரிசலில் பெரிய விஷயமே இல்லை.

அதனால் பைப்பைப் புதைக்காமல், கான்கிரீட்டில் 20 எம்.எம். ஜே-போல்ட் நான்கைப் புதையுங்கள். கம்பிக் கூண்டோடு சேர்த்துக் கட்டி, மரையுள்ள பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மரைக்கு டேப் சுற்றாமல் விட்டால் சிமென்ட் பால் இறுகி நட்டு ஏறாது. கான்கிரீட் போடும்போது போல்ட்டுகள் நகராமல் இருக்க, பேஸ் பிளேட்டில் போடப்போகும் அதே ஓட்டை அளவில் ஒரு பழைய தகடோ பலகையோ செய்து மாட்டி வைக்கச் சொல்லுங்கள், கொத்தனார் "கண்ணளவு போதும்" என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். பைப்பின் அடியில் 16 எம்.எம். தகடு, நாலு பக்கமும் முக்கோணத் துண்டு வைத்து வெல்டிங். ஒவ்வொரு போல்ட்டிலும் தகட்டுக்குக் கீழே ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு. மண் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ரசமட்டத்தைப் பைப்பில் ஒட்டவைத்து, நட்டைத் திருகி நிமிர்த்திவிடலாம், அரைமணி நேர வேலை.

குழிக்கு வருவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று ஒரு தகட்டை நேராக அடித்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ தள்ளும். உங்கள் டிஷ்ஷின் பரப்பு பத்தரை சதுர மீட்டர், ஆக மொத்தம் அரை டன். மெஷ் என்பதால் கொஞ்சம் குறையும், டிஷ் வானத்தைப் பார்த்து இருக்கப்போவதால் இன்னும் குறையும், இருந்தாலும் கணக்கை அரை டன்னுக்கே வையுங்கள். மூன்றரை அடி சதுரம், மூன்றடி ஆழக் கான்கிரீட் என்றால் இரண்டரை டன் எடை வரும், அது அந்தத் தள்ளலைத் தாங்கும். கரிசல் என்பதால் ஓரடி கூடுதலாகத் தோண்டி, அடியில் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கிவிட்டு அதன்மேல் கான்கிரீட் போடுங்கள். பக்கவாட்டு இடைவெளியிலும் தோண்டிய கரிசலையே திரும்பத் தள்ளாமல் கிராவலே போகட்டும். மேல்மட்டம் தரையைவிட அரையடி உயர்ந்து, தண்ணீர் நிற்காதபடி சரிவாக இருக்கட்டும். சாக்குப் போட்டு நனைத்துப் பத்து நாள், டிஷ் ஏற்ற இன்னும் இரண்டு வாரம். அவசரப்படாதீர்கள்.

பைப் நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, சி கிளாஸ் ஜி.ஐ., ஐந்து அங்குலம் போட முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் டிஷ்ஷின் பின்பக்க ஸ்லீவ் என்ன அளவோ அதற்குப் பொருந்த வேண்டும், முதலில் அதை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். உயரத்தில்தான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். வெளிநாட்டுப் படங்களில் டிஷ் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு நாமும் பத்தடிக் கம்பம் போடுகிறோம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் இருக்கின்றன, நாம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். உங்கள் ஊரிலிருந்து 66 டிகிரிச் செயற்கைக்கோளுக்கு ஏற்றக்கோணம் (தரையிலிருந்து டிஷ் நிமிர்ந்து பார்க்கும் கோணம்) 72 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது டிஷ் ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும். 12 அடி டிஷ்ஷின் கீழ் விளிம்பு மையத்தைவிட இரண்டடிதான் கீழே இறங்கும். தரைக்கு மேல் ஐந்தடி பைப் போதும். பைப் குறையக் குறைய அடித்தளத்தைப் புரட்டும் விசையும் குறைகிறது.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. சில மவுண்டுகள் 70 டிகிரிக்கு மேல் ஏறாமல் பைப்பில் இடிக்கும், உங்கள் மச்சினன் இதே வட்டாரத்தில் வைத்திருந்ததால் அது சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் கழற்றும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது எல்என்பி திருக்கம், அதாவது எல்என்பியை அது நிற்கும் இடத்திலேயே எவ்வளவு திருப்பி மாட்டுவது என்பது. வடக்கே இருப்பவர்கள் எல்என்பியை நேராக மாட்டிக் கொஞ்சம் திருகினால் போதும். மதுரைப் பக்கத்திலிருந்து 66 டிகிரிக்குத் திருக்கம் ஏறக்குறைய 50 டிகிரி. நேராக மாட்டிவிட்டு, "பாதிச் சேனல்தான் வருது, டிஷ் கோணலா?" என்று டிஷ்ஷை ஆட்டுபவர்கள் ஏராளம். டிஷ்ஷை விடுங்கள், எல்என்பியை இரண்டு பக்கமும் திருகிப் பார்த்து, செட்டாப் பாக்ஸ் காட்டும் குவாலிட்டி உச்சத்துக்குப் போகும் இடத்தில் இறுக்குங்கள்.

ட்ராக்கிங் (டிஷ்ஷைச் செயற்கைக்கோளுக்கு நேராகத் திருப்புவது) செய்யும்போது, இந்த உயரத்தில் திசை மூன்று டிகிரி தப்பினாலும் வானத்தில் ஒரு டிகிரிதான் விலகும், ஏற்றக்கோணம் அப்படியில்லை, அதில் ஒரு டிகிரி தப்பினால் ஒரு டிகிரி முழுதாகவே போய்விடும். எனவே திசையைத் தென்மேற்கே 231 டிகிரி வாக்கில் குத்துமதிப்பாக வைத்துவிட்டு, ஏற்றத்தைத்தான் மெல்ல மெல்லத் திருக வேண்டும். காம்பஸை இரும்புப் பைப்பிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள், பைப்பை ஒட்டி வைத்தால் அது பைப்பைத்தான் காட்டும்.

12 அடி தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வீட்டுக்கு 8 அடியே தாராளம். கேபிள்காரர்கள் 12 அடி வைத்ததற்குக் காரணம், ஊர் முழுக்கப் பார்ப்பதால் எந்த நேரத்திலும் சிக்னல் தட்டக் கூடாது என்பது. ஆனால் 12 அடியில் ஒரு லாபம் உண்டு: குவியம் தூரமாக இருப்பதால் 66 டிகிரி, 68.5 டிகிரி என்று இரண்டு செயற்கைக்கோளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எல்என்பி வைக்க இடம் கிடைக்கும், 8 அடியில் ஒன்றையொன்று இடிக்கும். சும்மா கிடைக்கிறது, தோட்டமும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய பொழுதுபோக்குச் சேனல்கள் பூட்டித்தான் வருகின்றன, திறந்து வருபவை செய்தி, பக்தி, தூர்தர்ஷன், பிற மொழிச் சேனல்கள் மாதிரியானவை. சீரியலுக்காக வைக்கிறீர்கள் என்றால் வீட்டம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், குழி வெட்டிய பிறகு வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு. டிஷ்ஷை எந்த இடத்தில் வைக்கலாம்? புயல் வந்தால் என்ன செய்வது? இடி மின்னலுக்குப் பாதுகாப்பு?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: டிஷ் மல்லாந்து பார்ப்பதால் உங்களுக்குச் சுவரோ பக்கத்து மாடியோ பிரச்சினை இல்லை. டிஷ்ஷைவிடப் பத்தடி உயர்ந்த சுவர் நாலடி தள்ளி இருந்தாலே போதும். தலைக்கு மேல் வருவதுதான் உங்களுக்கு எதிரி. 66 டிகிரிக்கு உங்கள் ஊரில் ஏற்றம் 70 டிகிரி. தென்மேற்கில் நாற்பதடி மரம் இருந்தால், உச்சி மறைக்காமல் இருக்க 13 அடி தூரம் வேண்டும், மட்டை நீள்வதற்கு இன்னொரு 15 அடி, ஆக முப்பதடி என்று வையுங்கள். மற்றத் திசைகளில் உள்ள மரம் சிக்னலை மறைக்காது, ஆனால் தேங்காய் விழும், மட்டை விழும், மெஷ் பள்ளமாகும். பதினைந்தடிக்குள் எந்தப் பக்கமும் தென்னை வேண்டாம்.

இடம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும். 66 டிகிரிக்கு நம் பக்கத்தில் அது மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை மணிக்குள். அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடம் முழுக்க வெயில் விழுந்தால் வழி தெளிவு, ஓலை நிழல் விழுந்தால் சிக்னலிலும் அந்த நிழல் விழும். அதே நாட்களில்தான் கொஞ்ச நேரம் படம் உடைந்து போகும், சூரியனின் இரைச்சல் உள்ளே வருவதால். அதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், தானாகச் சரியாகிவிடும்.

புயலைப் பற்றி உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியபோது காற்று 100 முதல் 120 கிலோமீட்டர், லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. காற்றின் வேகம் 100-லிருந்து 120 ஆனால் விசை இருபது சதவீதம் கூடும் என்று நினைப்போம், உண்மையில் 44 சதவீதம் கூடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு போவது. எனவே புயல் அறிவிப்பு வந்ததும் டிஷ்ஷை நேர் மேலே, உச்சியைப் பார்க்கத் திருப்பிவிட்டு, விளிம்பில் மூன்று நான்கு இடத்தில் கயிறு கட்டித் தரையில் முளையடித்து இறுக்குங்கள், கீழிருந்து புகும் காற்று தூக்கிவிடாமல் இருக்கத்தான் கயிறு. புனே பக்கம் கோடாத்தில் இருக்கும் வானலைத் தொலைநோக்கி 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்களைக் கொண்டது, காற்று பலமானால் அங்கேயும் இதே மாதிரி உச்சியைப் பார்க்க வைத்துவிடுவார்கள். அந்த டிஷ்களும் கம்பி வலைதான், காற்றின் சுமையைக் குறைக்க. திருப்பும் முன் ஸ்லீவிலும் ஏற்றம் வைக்கும் கம்பியிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், புயல் போனபின் அதே கோட்டுக்குக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது.

மின்னல்: பைப்புக்கு அருகே எர்த் ராடு அடித்து, பேஸ் பிளேட்டை அதனோடு தடித்த செம்புக் கம்பியால் இணைத்து, அதை வீட்டு எர்த்தோடும் சேர்க்க வேண்டும். தனித்தனியாக இரண்டு எர்த் இருந்தால் இடிக்கும்போது இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் வந்து செட்டாப் பாக்ஸ் வழியாகப் பாயும். நேரடியாக விழும் இடியை எந்த ராடும் செட்டாப் பாக்ஸுக்கு வராமல் தடுக்காது. இடி கேட்டதும் கேபிளைக் கழற்றி வைப்பதே நல்லது. கேபிள் தரைக்கடியில் ஒன்றரை அங்குல பிவிசி குழாய்க்குள் போகட்டும், வெளியே தொங்கினால் அணில் விடாது.

கேள்வி: வீட்டுக்காரர் தோட்டத்தில் பெரிய டிஷ் வைத்தே தீருவேன் என்கிறார். ரேடியேஷன் வருமா? தண்ணீர் தேங்கிக் கொசு வருமா? அடியில் செடி வைக்கலாமா? எங்கள் ஊரில் மயில் வேறு அதிகம்.
– வாசகி, சிவகங்கை

பதில்: ரேடியேஷன் பயம் வேண்டாம். இந்த டிஷ் எதையும் அனுப்புவதில்லை, வருவதை வாங்கிக் குவிப்பதோடு சரி. கேபிளில் போவது எல்என்பிக்கான 13 அல்லது 18 வோல்ட் மட்டும்.

கொசு கேள்வி மிகச் சரியான கேள்வி, வீட்டுக்காரருக்குத் தோன்றியிருக்காது. நம் பக்கம் டிஷ் மல்லாந்து கிடப்பதால் முழுத் தகட்டு டிஷ்ஷில் மழைத்தண்ணீர் அப்படியே நிற்கும், டெங்கு கொசுவுக்கு வேறென்ன வேண்டும். மெஷ் வாங்கச் சொல்லுங்கள். தகடுதான் கிடைத்தது என்றால், பொருத்திய பிறகு எது தாழ்வான இடமோ அங்கே 6 எம்.எம். ஓட்டை இரண்டு போட்டால் போதும். சி-பேண்ட் அலையின் நீளம் ஏழரை சென்டிமீட்டர், அந்த ஓட்டை அதன் கண்ணுக்கே தெரியாது.

அடியில் கீரை, புதினா, மணத்தக்காளி போடலாம், மெஷ் வழியாக வெயில் இறங்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் வேண்டாம், வளர்ந்து முட்டும். அவரை, பாகல் மாதிரிக் கொடிகளைப் பக்கத்தில்கூட விடாதீர்கள், ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் எல்என்பி வரை ஏறியிருக்கும், ஈர இலை சிக்னலைக் குடித்துவிடும். மயில் உட்காரும். விரட்டினாலும் மறுநாள் வரும். விளிம்பு வளையம் உறுதியாக இருந்தால் அதன் எடைக்கு ஒன்றும் ஆகாது, எல்என்பி தாங்கும் கம்பிகள் மூன்று இருந்தால் அதைவிட நான்கு நல்லது. எல்என்பி வாயில் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் குளவி கூடு கட்டி, காரணம் தெரியாமல் சிக்னல் குறைந்துகொண்டே வரும். சின்னப் பிள்ளைகள் ஏறாதபடி சுற்றிலும் ஒரு சின்ன வேலி போடச் சொல்லுங்கள், அதை அவர் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நன்றாக வந்துகொண்டிருந்த 8 அடி டிஷ், பக்கத்துத் தெருவில் 5ஜி வந்ததிலிருந்து பாதிச் சேனல் வருவதில்லை. கேபிள் ஃபில்டர் போட்டும் பயனில்லை.
– ஆவடி வாசகர்

பதில்: கேபிளில் ஃபில்டர் போட்டால் பயன் இருக்காது. பழைய எல்என்பிகள் 3.4-லிருந்து 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் உள்ளே விடும். 2022-ல் 5ஜிக்காக ஏலம் போனது 3.3-லிருந்து 3.67 வரை. 36,000 கிலோமீட்டர் தாண்டி வரும் சத்தமில்லாத சிக்னலைக் கேட்க வைத்திருக்கும் பெருக்கி, 300 மீட்டரில் நிற்கும் டவரின் கத்தலில் செவிடாகிவிடுகிறது. டிஷ் அந்தப் பக்கம் பார்க்காவிட்டாலும் ஓரமாக உள்ளே புகும். செவிடானபின் கேபிளில் எதை வடிகட்டி என்ன பயன்? வடிகட்டுவது பெருக்கிக்கு முன்னால் நடக்க வேண்டும். ஃபீட் ஹார்னும் (சிக்னல் நுழையும் வாய்க்குழல்) எல்என்பியும் தனித்தனியாகக் கழலும் வகை என்றால் நடுவே 3.7–4.2 கிகாஹெர்ட்ஸை மட்டும் விடும் வேவ்கைடு (உலோகக் குழாய்) ஃபில்டர் வைக்கலாம். இரண்டும் ஒன்றாக வார்த்த வகை என்றால், 5ஜி எல்என்பி என்றே கடையில் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள்.

டிஷ் இப்போது மொட்டைமாடியில் இருந்தால் தோட்டத்துக்கு இறக்குவதை யோசியுங்கள். டவர் பக்கவாட்டில் இருக்கிறது, செயற்கைக்கோள் உச்சியில் இருக்கிறது, வீடு டவருக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே வரும்படி கீழே வைத்தால் சுவரே கொஞ்சம் மறைத்துக் கொடுக்கும். நான் எப்போதும் மாடியைவிடத் தரையைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், காற்றும் கீழே குறைவு, மாடித் தளமும் ஒழுகாது.

கேள்வி: துருப்பிடித்த 8 அடி தகட்டு டிஷ்ஷுக்குப் பளபளவென்று சில்வர் எனாமல் அடித்தேன். செப்டம்பர் கடைசியில் ஒரு மதியம் எல்என்பி மூடி உருகிவிட்டது. எல்என்பி மட்டமானதா?
– கோவை வாசகர்

பதில்: எல்என்பி மேல் பழி போடாதீர்கள். பட்டுக்கோட்டை வாசகருக்குச் சொன்ன அதே நாட்கள், அதே மதிய நேரம். சூரியன் டிஷ்ஷின் பார்வைக்குள் நேராக வந்தது, பளபளப்பான பெயின்ட் வெளிச்சத்தையும் சேர்த்துக் குவித்தது. 8 அடி டிஷ்ஷில் விழும் நடுப்பகல் வெயில் 4 கிலோவாட்டுக்கு மேல், எல்என்பி வாயில் இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்த மாதிரி. கம்பெனியிலிருந்து வரும்போதே டிஷ் மங்கலான சாம்பல் நிறத்தில் இருப்பது அழகு தெரியாததால் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேட் சாம்பல் அடியுங்கள். அடுத்த ஆபத்து மார்ச் நடுவில், அதற்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: டொராண்டோவில் வீட்டுக்குப் பின்னால் பெரிய இடம் இருக்கிறது. 12 அடி டிஷ் வைத்தால் தமிழ்ச் சேனல்கள் இந்தியச் செயற்கைக்கோளிலிருந்து நேராக வருமா? லண்டனில் தங்கை இருக்கிறாள், அங்கே?
– டொராண்டோ வாசகர்

பதில்: வராது. 120 அடி வைத்தாலும் வராது. நீங்கள் 79 டிகிரி மேற்கில் இருக்கிறீர்கள், அந்தச் செயற்கைக்கோள் 66 டிகிரி கிழக்கில், நடுவே பூமியே நிற்கிறது. லண்டனிலிருந்து கணக்குப்படி தொடுவானத்துக்கு மேலே 6 டிகிரியில் இருக்கும், பக்கத்து வீட்டுக் கூரையே மறைத்துவிடும், அலைக்கற்றை அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இரண்டு பேரும் இன்டர்நெட் வழியில் பார்த்துக்கொள்ளுங்கள், தோட்டத்தில் தக்காளி போடுங்கள்.

கேள்வி: வீட்டில் சொந்தமாக டிஷ் வைத்த முதல் ஆள் யார்?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: அமெரிக்காவில் 1976-ல் கலிபோர்னியாவில் தன் வீட்டில் தானே செய்து வைத்த ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டெய்லர் ஹோவார்டைச் சொல்வார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருஷக் கதையில் நமக்கும் பங்கு இருக்கிறது. 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருஷம், இஸ்ரோ அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி நிகழ்ச்சி அனுப்பியது. கிராமத்தில் வைத்த டிஷ் பத்தடி, கோழிக்கூண்டு வலையில் செய்தது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. அந்த ஒளிபரப்பை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உட்கார்ந்துகொண்டு தானே செய்த கருவியில் பிடித்தார் ஸ்டீபன் பர்கில் என்ற பொறியாளர், நம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி அவர் வீட்டு டிவியில் ஓடியது. கொழும்பில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க், நிலைப்பாதைச் செயற்கைக்கோள் யோசனையை 1945-லேயே எழுதியவர், அவர் வீட்டுக்கு இஸ்ரோ பொறியாளர்களே போய் டிஷ் வைத்துக் கொடுத்தார்கள். முதல் ஆள் யார் என்று பட்டம் கொடுப்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், என் ஓட்டு ஷெஃபீல்டுக்காரருக்கு.

கேள்வி: சி-பேண்ட் மெஷ் டிஷ்ஷிலேயே டிடி ஃப்ரீ டிஷ்ஷும் எடுக்கலாமா?
– விருதுநகர் வாசகர்

பதில்: டிடி ஃப்ரீ டிஷ் வருவது கேயு-பேண்ட் என்ற வேறு அலைவரிசையில், அதன் அலை நீளம் இரண்டரை சென்டிமீட்டர், மெஷ் ஓட்டையில் நழுவிப் போய்விடும். 93.5 டிகிரியில் ஜிசாட்-15-க்குச் சின்ன இரண்டடி, மூன்றடி தகட்டு டிஷ்ஷே போதும். அதைத் தனியாக வைத்து, இரண்டையும் ஒரு டைசெக் ஸ்விட்ச்சில் (செட்டாப் பாக்ஸ் கேட்கும் எல்என்பியை மட்டும் இணைத்துக் கொடுப்பது) சேர்த்து ஒரே கேபிளில் உள்ளே கொண்டுவாருங்கள். மழை கொட்டும்போது சின்னது கட்டாகும், பெரியது ஓடிக்கொண்டிருக்கும்.